பிடியரிசி முதல் சிட்டி வரை: நாஞ்சில் நாட்டுச் சிறுசேமிப்பு மரபில் இன்பமும் ஒழுங்கும்

முன்னுரை

சேமிப்பைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அதனை ஓர் அறமாகவே கருதி வந்துள்ளன. சிக்கனம் நன்று, ஊதாரித்தனம் தீது என்னும் அறிவுரை பள்ளிப் பாடநூல் தொடங்கி அரசு விளம்பரம் வரை ஒரே குரலில் ஒலிக்கிறது. 1924-இல் மிலான் நகரில் கூடிய அனைத்துலகச் சிக்கன மாநாட்டின் வழியாக உருவான உலகச் சிக்கன நாளை, தமிழகத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் 30 அன்று பள்ளி மாணவர்க்குப் பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் வைத்துக் கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற மாணவர் எத்தனை பேர் பின்னாளில் பணம் சேர்த்தனர் என்பது வேறு கதை.

வரலாற்று நோக்கில் கேட்க வேண்டிய கேள்வி இதுவன்று. அறிவுரை கேளாமலே, எழுத்தறிவும் மிகுதியான வருவாயும் இல்லாமலே, தலைமுறை தலைமுறையாகச் சிறுதொகை சேர்த்து வந்த மக்கள் அதை எவ்வாறு விடாமல் செய்தனர் என்பதே கேள்வி. பேச்சிப்பாறை அணையின் நீர் பாயும் நாஞ்சில் நாட்டையும், அதனை ஒட்டிய கல்குளம், விளவங்கோடு பகுதிகளையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை இக்கேள்வியை ஆராய்கிறது. இங்கு நிலைத்த சேமிப்பு முறைகள் மனவுறுதியை நம்பி நிற்கவில்லை. அன்றாடச் செயலொன்றோடு பிணைந்தும், கூட்டத்தின் முன் நிகழ்ந்தும், சிறியதோர் இன்பத்தைத் தந்தும் நிலைத்தன என்பது இக்கட்டுரையின் கருத்து. அந்த இன்பமே ஏமாற்றுக்கும் வாயிலாக அமைந்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

நீரும் அறுவடையும்

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கப்பெற்று 1906-இல் நிறைவுற்றது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மூலம் திருநாள் இராமவர்மா. பணியில் முன்னின்ற பொறியாளர் மிஞ்சின். அருகிலிருந்த பேச்சியம்மனின் பெயரே அணைக்கும் வழங்கலாயிற்று. மழையையும் குளத்தையும் நம்பியிருந்த வயல்களுக்குக் கால்வாய் நீர் உறுதியானபோது, கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகமும் நிலைபெற்றன. புரட்டாசியை ஒட்டி ஓர் அறுவடை, மாசியை ஒட்டி மற்றோர் அறுவடை.

ஆண்டின் இரு காலங்களில் கையில் நெல்லும் காசும் புழங்கும். இடைப்பட்ட மாதங்களில் வறட்சி. இத்தகைய வருவாய் உள்ள குடும்பத்திற்கு மாதச் சம்பளக்காரருக்குரிய சேமிப்பு முறை பொருந்தாது. அறுவடைக் காலத்தில் கொழுத்த வீடு ஆடியில் கடன் வாங்கும். பத்தாயத்தில் நெல் இருக்கும் வரை சேமிப்பு எளிது. நெல் பணமானவுடன் அது கரையத் தொடங்கும். எனவே, எப்போது சேமிப்பது என்பதைத் தனிமனிதரின் விருப்பத்திற்கு விடாது, காலமே முடிவுசெய்யும் முறைகள் இங்கு வேரூன்றின எனக் கருத இடமுண்டு. நெல்லை அளந்து, அறுவடைதோறும் கூடி, முறைவைத்து எடுக்கும் நெல்சிட்டி இத்தகைய ஏற்பாடே. அணை கட்டப்பட்ட பின் அறுவடை தவறுவது குறைந்ததால், தவணை தவறுவதும் குறைந்திருத்தல் வேண்டும் என்பது ஊகமே எனினும் பொருந்தும் ஊகம்.

பழைய நாணயமும் சிறுசேமிப்புக்கு இடம் தந்தது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது ஒரு ரூபாயில் 448 காசு. அத்துணைச் சிறு நாணயம் கைக்குக் கை புழங்கிய இடத்தில், மிச்சம் பிடிப்பதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. அதனை எண்ணக் குழிகள் வெட்டிய மரப்பலகையைப் பயன்படுத்தினர். பலகையின் குழிகள் நிரம்புவதைக் கண்ணால் காண்பது, இன்று கைப்பேசித் திரையில் எண் ஏறுவதைக் காண்பதினும் மனத்துக்கு நிறைவு தந்திருக்கும்.

சிறுவாடு: பெண்களின் பணம்

தமிழில் 'சிறுவாடு' என்றொரு சொல் உண்டு. குடும்பச் செலவிலிருந்து பெண்கள் சிறுகச் சிறுக ஒதுக்கி வைக்கும் பணத்தைக் குறிக்கும் இச்சொல், பெரும்பாலும் கணவருக்குத் தெரியாத பணம் என்னும் குறிப்பையும் தாங்கியுள்ளது. நாஞ்சில் நாட்டில் இக்குறிப்பு வெறும் வேடிக்கையன்று.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள்வழியில், ஒருவர் சொத்து அவர் பிள்ளைகளைச் சேராது, உடன்பிறந்தாளின் பிள்ளைகளைச் சேர்ந்தது. மனைவிக்கும் மக்களுக்கும் நன்குடைமை, உகந்துடைமை என்னும் பெயர்களில் குறைந்த உரிமையே வாய்த்தது. அதனையும் காரணவரிடம் போராடிப் பெற வேண்டியிருந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' ஐந்தாம் மனைவியொருத்தியின் வாய்மொழியாக அமைந்திருப்பது தற்செயலன்று. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து இம்முறையை மாற்றும் வரை, கணவன் இறந்த மறுநாள் வீட்டை விட்டு வெளியேற நேரும் பெண்ணுக்குக் கையில் எஞ்சியிருக்கக் கூடியது நகையும் சிறுவாடும்தான். சிறுசேமிப்பின் வரலாற்றைச் சிக்கனத்தின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இந்த அச்சத்தைக் காணத் தவறுகின்றனர்.

சாதிப்படிநிலையின் மறுமுனையில் நிலை இன்னும் கொடிது. நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் லேஸ் வேலையைக் கற்பித்தார். அடிமைக் குடும்பங்களிற் பிறந்த சில பெண்கள் அவ்வேலையால் ஈட்டிய பணத்தைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன் ஒரு பெண் லேஸ் முழம் முழமாகப் பின்னிச் சேர்த்த காசின் இலக்கு நகையோ நிலமோ அன்று. அவள் உடலின் உரிமை. மிஷன் எழுத்தாளர்கள் தம் பணியின் பெருமைக்காக இதனைச் சொல்லியிருப்பினும், செய்தி மறுக்கத்தக்கதன்று. இலக்கு இத்துணைத் தெளிவாக இருந்த சேமிப்புக்கு வேறு ஊக்கம் தேவைப்பட்டிராது. ஏனையோர்க்குத் தேவைப்பட்டது.

பிடியரிசி

உலையில் இடுவதற்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி வேறொரு கலயத்தில் இடுவதே பிடியரிசி. கோயில் திருப்பணி, திருச்சபை, பள்ளிக்கூடம், சாதிச் சங்கம் எனப் பல நோக்கங்களுக்கு இது பயன்பட்டது. திருவிதாங்கூரில் 1914-இல் தோன்றிய நாயர் சேவைச் சங்கம் பிடியரிசி திரட்டியே தன் தொடக்கக்காலப் பணிகளை நடத்தியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வடக்கே, விருதுநகர் நாடார் உறவின்முறையினர் மகமையோடு பிடியரிசியும் திரட்டிப் பள்ளி நடத்தினர். காமராசர் பயின்றது அத்தகைய பள்ளியில்தான். தென்திருவிதாங்கூர்த் திருச்சபைகளிலும் பெண்கள் கொணரும் பிடியரிசி வாடிக்கையான காணிக்கையாயிற்று.

இம்முறையின் நுட்பம் பிடியின் அளவில் இல்லை, நேரத்தில் உள்ளது. அரிசி சோறான பிறகு மிச்சம் பிடிப்பது கடினம். பசித்தவர் முன் அது கொடுமையும் ஆகும். சமைப்பதற்கு முன் எடுத்த பிடியை வீட்டில் எவரும் உணர்வதில்லை. நாள்தோறும் உலை வைத்தே ஆக வேண்டும் ஆதலின், சேமிப்பை நினைவூட்ட வேறொருவர் வேண்டியதில்லை, அடுப்பே நினைவூட்டும். 'செலவு போக மிச்சம்' என்பதை 'மிச்சம் போகச் செலவு' எனப் புரட்டிப்போட்ட இம்முறையை, இக்காலச் சம்பளப் பிடித்தத் திட்டங்கள் மறுபடியும் கண்டுபிடித்துள்ளன.

சேர்ந்த அரிசியும் பிற விளைபொருளும் என்னாகும் என்பதில்தான் இன்பம். அறுப்பின் பண்டிகையின்போது காணிக்கைப் பொருள்களைத் திருச்சபை வளாகத்தில் ஏலமிடும் வழக்கம் இன்றும் இம்மாவட்டத்தில் உண்டு. ஒரு தேங்காயோ ஒரு வாழைக்குலையோ ஒரு சேவலோ சந்தை விலையைப் போலப் பன்மடங்குக்கு ஏறும். ஏலம் கேட்போர் ஒருவரையொருவர் சீண்டுவதும், எடுத்தவர் அதனையே மீண்டும் ஏலத்துக்குத் தருவதும், கூட்டம் சிரிப்பதும் அந்நாளின் பகுதி. தனித்தனி அடுப்பங்கரைகளில் ஓசையின்றி நிகழ்ந்த ஒதுக்கீடு ஊரின் திருவிழாவாக இங்ஙனம் வெளிப்பட்டது. ஆனால் பிடியரிசி அடிப்படையில் ஈகை. எடுத்த பிடி எடுத்தவருக்குத் திரும்புவதில்லை. பழக்கத்தை அது கற்பித்தது. அப்பழக்கத்தைத் தனக்கென்று திருப்பிக்கொள்ள வேறோர் அமைப்புத் தேவைப்பட்டது.

சிட்டி என்னும் விளையாட்டு

தமிழகத்தின் பிற பகுதிகளில் சீட்டு எனவும், கொச்சியில் குறி எனவும், திருவிதாங்கூரில் சிட்டி எனவும் வழங்கும் முறை ஒன்றே. இருபது பேர் மாதந்தோறும் 500 ரூபாய் இட்டால் 10,000 ரூபாய் திரளும். அதனை மாதம் ஒருவர் எடுப்பர். இருபதாம் மாதத்தில் சீட்டு முடியும். எடுப்பவரைக் குலுக்கலில் தெரிந்தால் குலுக்குச் சீட்டு. தள்ளிக் கேட்டால் ஏலச் சீட்டு. பணமுடையுள்ள ஒருவர் 2,000 ரூபாய் தள்ளி 8,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டால், நடத்துபவரின் தரகு 500 போக எஞ்சிய 1,500 இருபது பேருக்கும் பங்காகும். ஆளுக்கு 75 ரூபாய். அம்மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 425 மட்டுமே. சில ஊர்களில் முதல் தவணையை நடத்துபவரே எடுத்துக்கொள்வார். அதற்குத் தாய்ச்சீட்டு என்று பெயர்.

பொருளியலார் இதனைக் கடன் முறையாகவே முதன்மையாகக் கண்டனர். மானிடவியல் அறிஞர் கிளிஃபர்டு கீர்ட்சு 1962-இல் வெளியிட்ட கட்டுரையில், சாவகத்தின் 'அரிசான்' முதலிய சுழற்சிச் சங்கங்களை ஆராய்ந்து, இவை உழவர் சமூகம் வணிகச் சமூகமாக மாறும் ஏணியின் நடுப்படி என்றார். வங்கிகள் வந்தபின் இவை தாமே மறையும் என்பது அவர் முடிவு. பெஸ்லியும் உடனாய்வாளரும் 1993-இல், பெருஞ்செலவுப் பொருளைத் தனியே சேமித்து வாங்குவதினும் கூட்டாக விரைந்து வாங்க இம்முறை உதவுகிறது எனக் கணிதவழி நிறுவினர். இரண்டாவது விளக்கம் வலுவானது. முதலாவது, கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை நிகழவில்லை. எழுத்தறிவிலும் வங்கிக் கிளைகளிலும் முன்னிற்கும் இம்மாவட்டத்தில் சீட்டு மறையவில்லை. நகைச் சீட்டு, பாத்திரச் சீட்டு, தீபாவளிச் சீட்டு எனக் கிளைத்திருக்கிறது.

காரணம் வட்டி விகிதத்தில் இல்லை. சீட்டு நாள் ஒரு நிகழ்ச்சி. மாதத்தின் குறித்த நாளில், குறித்த வீட்டில், பெயரெழுதிய துண்டுத் தாள்களைக் குடத்திலிட்டுக் குலுக்கிச் சிறு குழந்தையை எடுக்கச் சொல்வர். எவர் பெயர் வருமென்ற பதைப்பு ஒருபுறம். தவணை கட்டாமல் அக்கூட்டத்தில் முகம் காட்ட இயலாமை மறுபுறம். பரிசுச் சீட்டில் தோற்றவர் பணத்தை இழக்கிறார். குலுக்குச் சீட்டில் பெயர் வராதவர் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்கிறார், அவ்வளவே. கேரள அரசு 1967-இலும் தமிழக அரசு 1968-இலும் பரிசுச் சீட்டைத் தொடங்கின. தமிழகம் 2003-இல் தடைசெய்தது. எல்லையோர மாவட்டமாகிய குமரியில் இரண்டு வகைச் 'சீட்டும்' ஒரே சொல்லால் வழங்கியது குழப்பத்துக்கு இடமாயிற்று. பரிசுச் சீட்டு அதிர்ஷ்டத்தின் பதைப்பை மட்டும் விற்றது. சிட்டி அதனைச் சேமிப்பின் கூலியாகக் கொடுத்தது.

அரசுகளும் இதனை உணராமலில்லை. முதலை இழக்காமல், வட்டிக்கு மாற்றாகக் குலுக்கல் பரிசு தரும் பிரீமியம் பத்திரங்களைப் பிரிட்டன் 1956 நவம்பர் 1 அன்று விற்பனைக்குக் கொணர்ந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அதே நாள். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் குமரியின் சீட்டுக்காரருக்கு அப்பத்திரம் புதுமையாகத் தோன்றியிராது.

சட்டமும் சரிவும்

இன்பம் தரும் முறை எதுவும் ஏமாற்றுவோரை ஈர்க்கும். சீட்டுப் பணத்தோடு நடத்துபவர் ஊரைவிட்டு மறைவதும், முதலில் எடுத்தவர் பின்னர்க் கட்டாமல் விடுவதும் பழைய வழக்குகள். திருவிதாங்கூர் அரசு கொல்லம் 1094-இல் (1918–19) சிட்டி ஒழுங்குமுறையையும், 1120-இல் (1944–45) விரிவான சிட்டிச் சட்டத்தையும் இயற்றியது. கொச்சி 1107-இல் (1931–32) குறிச் சட்டம் கண்டது. சென்னை மாநிலத்தில் 1961-இலும் இந்திய அளவில் 1982-இலும் சீட்டு நிதிச் சட்டங்கள் வந்தன. அதாவது, சீட்டைத் தடைசெய்யாமல் அடக்கிக் காக்கும் நோக்கில் திருவிதாங்கூர் ஏனைய பகுதிகளைவிட முற்பட்டிருந்தது. பரிசுச் சிட்டுகளையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்த 1978-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. உண்மைச் சீட்டு அதன் இலக்கன்று. 2013-இல் மேற்கு வங்கத்தில் சரிந்த சாரதா நிறுவனத்தைச் செய்தித்தாள்கள் 'சீட்டு நிறுவனம்' என்றே எழுதின. அதில் சுழற்சியும் இல்லை, குலுக்கலும் இல்லை. புதியவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுக்கும் மோசடியே இருந்தது. பெயர்ப் பிழையின் பழியைச் சுமந்தது சீட்டு.

வங்கி பாதுகாப்பானது, சீட்டு ஆபத்தானது என்னும் எளிய எதிர்நிலையும் இப்பகுதியின் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1937-இல் இணைந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி 1938 ஜூனில் கதவடைத்தது. திவான் சி.பி. இராமசாமி ஐயருக்கும் வங்கியின் தலைவர்களுக்கும் இடையிலான அரசியல் பகை இச்சரிவில் எத்துணைப் பங்கு வகித்தது என்பது இன்றும் விவாதப் பொருள். வங்கியை நடத்தியோர் சிறை சென்றனர், பணம் போட்டோர் திகைத்து நின்றனர். 1960-இல் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பின்னரே 1962 முதல் இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 1,500 ரூபாய். அதுவரை, முகம் அறியாத இயக்குநரை நம்புவதா, தெருக்கோடியில் வாழும் சீட்டுக்காரரை நம்புவதா என்ற தேர்வில் இரண்டாவதைத் தேர்ந்தவரை அறியாமை உடையோர் என்று சொல்ல இயலாது.

கேரள அரசு 1969-இல் மாநில நிதி நிறுவனத்தைத் தொடங்கித் தானே சிட்டி நடத்தலாயிற்று. பழைய திருவிதாங்கூரின் ஒரு பாதியில் சிட்டி அரசின் தொழிலாகவும், களியக்காவிளைக்கு இப்பால் மறு பாதியில் தனியார் தொழிலாகவும் பிரிந்தது மொழிவாரி மாநில அமைப்பின் எதிர்பாராத விளைவுகளுள் ஒன்று. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் இதனை உரிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

வாசலுக்கு வந்த சேமிப்பு

மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.-வின் ஊரகச் சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் சிற்றுழவரிடையே பரப்பினார். நெல்லும் பனையும் பருவந்தோறும் தரும் வருவாய்க்கு இடையே முட்டையும் தேனும் சில்லறை வருவாயைத் தந்தன. 'உடனிருந்து வழிகாட்டும் வல்லுநரின் துணையோடு தன்னுதவி' என்பது அவர் கொள்கை. அதில் 'உடனிருந்து' என்னும் பகுதியே முதன்மையானது எனத் தோன்றுகிறது.

அஞ்சலகச் சேமிப்பின் வரலாறு இதற்கு மறுதலைச் சான்று. திருவிதாங்கூரின் அஞ்சல் துறை 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தது. பணம் பாதுகாப்பு, வட்டி உறுதி. ஆயினும் சாளரத்தின் முன் வரிசையில் நின்று சிறுதொகை கட்டுவதில் இன்பம் ஏதுமில்லை. 1972-இல் மகளிர் முகவர்கள் வீடுதோறும் சென்று தொடர்வைப்புத் தவணை திரட்டும் திட்டம் வந்தபோது நிலை மாறியது. முகவர் பெரும்பாலும் அதே தெருப் பெண். அவர் வரும் நாளில் பணம் இல்லையென்று சொல்வது சீட்டுக் கூட்டத்தில் சொல்வது போன்றதே. 1989-இல் தருமபுரியில் தொடங்கி, 1992-இல் நபார்டு வங்கியின் 500 குழுக்கள் இணைப்புத் திட்டத்தாலும் 1990-களின் இறுதியில் மகளிர் திட்டத்தாலும் பரவிய தன்னுதவிக் குழுக்கள் வாரக் கூட்டத்தையும் பொதுக் கணக்கேட்டையும் அடிப்படையாகக் கொண்டன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தொகையை மற்றவர் கேட்க உரக்கச் சொல்லி எழுதும் முறை சிட்டியின் பிள்ளையே. குலுக்கல் மட்டும் விடுபட்டது. பின்னாளில் இக்குழுக்கள் கடன் பெறும் வாயிலாகவே பெரிதும் மாறியதற்கு, சேமிப்பின் இன்பத்தை அவை உருவாக்காததும் ஒரு காரணமாகலாம்.

திருமணத்தில் வெற்றிலைக்குள் வைத்துக் கொடுக்கும் சுருளும் இவ்வரிசையில் எண்ணத்தக்கது. இன்று கொடுத்தது நாளை திரும்பும் என்னும் கணக்கு அதனுள் உண்டு. விருந்து அதன் பூச்சு.

பேச்சிப்பாறையின் ரப்பர்

அணையை ஒட்டிய மலைச்சரிவுகளில் இன்று நெல்லை விட ரப்பரே வாழ்வு. 1984-இல் அமைந்த அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் தனியார் தோட்டங்களும் சிறு உரிமையாளரின் நிலங்களும் இங்கு அடுத்தடுத்து உள்ளன. இலையுதிர்வின்போதும் அடைமழையின்போதும் பால்வெட்டு நிற்கும். நெல்லின் இரு அறுவடைகளுக்கு மாற்றாக ரப்பர் வேறொரு தாளத்தைக் கொண்டுவந்தது. சிறு உரிமையாளர் பாலை உறையவைத்துத் தகடாக்கி, அடுக்களைப் புகையில் உலர்த்தி, விலை ஏறும் வரையோ தேவை வரும் வரையோ அடுக்கி வைக்கிறார். அடுக்கிய தகடு அவருடைய பத்தாயம். பள்ளிக் கட்டணத்துக்கு நாலு தகடு, மருத்துவத்துக்குப் பத்து.

எனினும் தகட்டில் இதுவரை கண்ட இரண்டு கூறுகள் இல்லை. அது எவர் முன்னும் சேர்வதில்லை. அதற்கென ஒரு நாளும் இல்லை. ஆகவே விலை ஏறும் வரை பொறுப்பதாகச் சொன்னவர் சிறு தேவைக்கே இறக்கிவிடுகிறார். கூலிக்குப் பால் வெட்டுபவருக்கோ அடுக்கி வைக்கத் தகடும் இல்லை. வெட்டு நிற்கும் மாதங்களில் கூலியும் இல்லை. வெட்டு நடக்கும் மாதங்களில் கட்டி, நிற்கும் மாதங்களில் எடுக்கும்படி தவணையை அமைத்துக்கொள்ளும் சீட்டு, நெல்லுக்காகத் தோன்றிய ஏற்பாட்டை மரத்துக்குப் பொருத்திக்கொண்டது. அதை நடத்துபவருக்குச் சட்டப் பதிவு இருப்பதில்லை. எனவே சட்டத்தின் காப்பும் அந்தக் கூலிக்காரருக்கு இல்லை.